பத்து பேருக்குப் போட்ட குழாய்

எங்கள் தெருவில் கண்டக்டர் என்றால் அது கொளஞ்சியப்பன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெரம்பலூரில் கிளம்பி அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்த் திரும்புகிற பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே சம்பாதித்தவர். இன்றைக்கும் நாற்காலி போட்டால் நுனியில்தான் உட்காருவார், அதுவும் இரண்டு நிமிஷம்.

நான் எதிர் வீடு. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி என்று என் மனைவி ஜோதி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கண்டக்டரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. எட்டு வருடமாக அவர் கேட்டுக்கும் என் கேட்டுக்கும் நடுவில் இருபது அடி ரோடுதான். அந்த இருபது அடிக்கு இந்தப் பக்கம் நின்று “என்னண்ணே, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டதோடு என் பக்கத்து அன்பு முடிந்துவிட்டது.

அவர் வீட்டை அவர் எப்போதும் ஆள் கணக்கில்தான் சொல்வார். பதினோரு வருடத்துக்கு முன்னால் துறைமங்கலம் தாண்டி இந்த மனையை வாங்கிக் கட்டும்போது கொத்தனார் கண்ணையன், “எத்தனை பேருக்குண்ணே வூடு?” என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் விரல் விட்டுச் சொன்னாராம். “நானு, கலியம்மா, மாமியா. மவன் அறிவழகன், வரப்போற மருமவ, பொறக்கப்போற புள்ளைங்க ரெண்டு. வந்து போறவங்க மூணு. மொத்தம் பத்து.” பஸ்ஸில் தலை எண்ணிப் பழகிய மனுஷன். வீட்டில் இன்னும் ஏறாத ஆளுக்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டார்.

வீடு பாதி எழும்பியபோது, சொந்தக்காரர் ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். செப்டிக் டேங்க் வடமேற்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார் அவர். கழிப்பறைகளோ பின்பக்கம், தெற்கில் எழும்பிவிட்டன. இடிக்க மனமில்லை. அதனால் கக்கூஸ் பின்னாலும் டேங்க் வாசல் பக்கமுமாக, நடுவில் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஐம்பது அடிக் குழாய் ஓடியது. “வாட்டம் பத்தாதுண்ணே. இவ்ளோ தூரத்துக்குச் சரிவு குடுக்க முடியாது, தண்ணி தேங்கும்” என்று கண்ணையன் சொன்னார். “பத்து பேரு பொழங்குற வூடுய்யா. பத்து பேரு ஊத்துற தண்ணியே தள்ளிக்கிட்டுப் போயிடும், பெரிய பைப்பாப் போடு” என்றார் கண்டக்டர். ஆறு அங்குலக் குழாய் போட்டார்கள்.

வீடு குடிவந்த வருடமே மாமியார் போய்ச் சேர்ந்தார். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணமும் ஆனது. கலியம்மாள் நாலு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் இறந்தார். பத்தில் ஒன்று மிஞ்சியது.

மருமகள் சுவாதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டவுனில் வளர்ந்த பெண், முட்டியில் ஏதோ கோளாறு, இந்தியன் கக்கூஸில் உட்கார முடியாது. அதனால் பெங்களூரிலிருந்து வந்தால் ஹைவேஸில் இருக்கிற லாட்ஜில் ரூம் போட்டு, பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து போவார்கள். வாசலில் காரை நிறுத்திச் சாயங்காலம் கிளம்பும்போது கண்டக்டர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சொந்த வீடு இருக்க மகன் லாட்ஜில் படுப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போன வருடம் உள் அறையில் ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை கட்டினார். கார் உள்ளே வருவதற்கு வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டினார். கட்டியதை அவர் பயன்படுத்தவில்லை. பூட்டி வைத்திருந்தார்.

இந்த ஆவணியில் அரியலூரில் சுவாதி பக்கத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. அறிவழகன் போன் செய்து, “வெள்ளிக்கிழமை வரோம்ப்பா. இந்தத் தடவ மூணு ராத்திரி நம்ம வூட்லதான் தங்குறோம்” என்று சொல்லியிருக்கிறான். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பால்காரரிடம் சொல்லி, பால்காரர் ஜோதியிடம் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் நான் கண்டக்டரைப் பார்த்தேன். நான் அரியலூர் பஸ்ஸுக்கு நிற்பேன். அவர் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவார். வெள்ளைச் சட்டை, தோளில் பை, நடையில் ஒரு அவசரம். திங்களன்று “திருமானூர் வரைக்கும் சார், ஒரு துக்கம்” என்றார். செவ்வாயன்று “திருச்சிக்கு” என்றார். புதனன்று என் பஸ் லேட். திருச்சிக்கும் போகாமல் திருமானூருக்கும் போகாமல், கட்டணக் கழிப்பறை வரிசையில் ஏழாவது ஆளாக அவர் நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்தவரை மறித்துக் கேட்டேன். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைகள் வருகிறார்களே என்று வெஸ்டர்ன் பாத்ரூமைத் திறந்து கழுவி, ஃப்ளஷ்ஷை அமுக்கிப் பார்த்திருக்கிறார். இங்கே தண்ணீர் இறங்கியது. அடுத்த அறையில் அவர் தினமும் போகிற இந்தியன் கக்கூஸில் களக் களக்கென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பேசின் நிறைந்து, படி தாண்டி, ஹாலில் கலியம்மாள் படத்துக்குக் கீழே வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. நாலு மணி நேரம் ஒற்றை ஆளாகத் தள்ளிக் கழுவியிருக்கிறார். பினாயில் மூன்று பாட்டில். அப்புறம் ஆசிட் ஊற்றிப் பார்த்தார், கம்பி விட்டுப் பார்த்தார், ரப்பர் கப்பை வைத்துக் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மேலேதான் வந்தது. பிளம்பர் ஒருவரிடம் சொன்னால், “நாளைக்கு வரேங்க” என்று மூன்று நாளாக நாளையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏண்ணே, எதுத்த வூட்ல நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இந்த வயசுல காலங்காத்தால பஸ் ஏறி வரணுமா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “எட்டு வருசமா உங்க வூட்டுக்குள்ள ஒரு காபி குடிக்கக்கூட வந்ததில்ல. மொத மொத வரதே கக்கூசுக்கா சார்?”

பஸ் ஸ்டாண்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் எனக்குச் சுருக்கென்றது. அவரைக் காபிக்குக் கூப்பிடாதவன் நான்தானே. என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

“இங்க ஒண்ணும் கஷ்டமில்ல சார்” என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். “நம்ம பழைய டிரைவருங்க ரெண்டு பேரு டீக்கடையில இருக்காங்க. நாலு வார்த்த பேசிட்டுத்தான் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடணும், அதான் ஒரே கவல. இப்ப இல்லேன்னா அவங்க இனிமே தங்கவே மாட்டாங்க.”

மறுநாள் லீவு போட்டேன். டேங்க் நிறைந்திருக்கும், உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும் என்று நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று லாரிக்கு போன் செய்தேன். கண்ணையனையும் வரச் சொன்னேன். ஒன்பது மணிக்கு லாரி வந்தது. டிரைவர் ரஞ்சித்குமார் டேங்க் மூடியை நகர்த்திவிட்டுத் தள்ளி நின்று, கொஞ்ச நேரம் கழித்து நீளக் கம்பை உள்ளே விட்டு எடுத்தார். கம்பின் நுனியில் ஒரு முழம்தான் ஈரம்.

“யாருங்க டேங்க் ரொம்பிடுச்சுன்னு சொன்னது? இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றார் ரஞ்சித்குமார். “எத்தன வருசமாச்சுங்க கட்டி?”

“பதினொண்ணு” என்றார் கண்டக்டர்.

“பதினோரு வருசத்துக்கு இவ்ளோதானா? வூட்ல ஆளுங்க இருக்கீங்களா இல்லியா?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தொழிலில் கேட்கிற கேள்விதான். கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். கேள்வி கேட்டவரை விட லாரியைக் கூப்பிட்ட என் மேல்தான் எனக்கு எரிச்சல். லாரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போயிற்று.

அப்படியானால் அடைப்பு குழாயில். குழாய் திரும்புகிற இடத்தில் திறந்து பார்ப்பதற்கென்று ஒரு சின்னத் தொட்டி விடுவார்கள், சேம்பர் என்று பெயர். கண்ணையன் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“இங்கதானே ஒரு சேம்பர் வெச்சேன்? எங்கண்ணே?”

டைல்ஸுக்கு அடியில் இருந்தது. மகன் கார் ஏறி இறங்கும்போது தட்டக் கூடாது என்று கண்டக்டர் அதையும் சேர்த்து மூடி, மேலே டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இந்தக் கூத்துதான். திறக்க வேண்டியதை முதலில் மூடிவிடுவோம், அப்புறம் பூ டிசைன் போட்டு அழகு பார்ப்போம். என் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். முதல் டைல் உடைந்தபோது கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு தடவைதான் அதன் மேல் கார் நின்றிருக்கிறது.

சேம்பர் திறந்ததும் தெரிந்தது. தண்ணீர் ஓடுகிற குழாய் மாதிரியே இல்லை. அடியில் எல்லாம் தங்கித் தங்கி, காய்ந்து, கல்லாக இறுகிப்போயிருந்தது. கண்ணையன் கையுறையை மாட்டிக்கொண்டு மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு இடித்து, பெயர்ந்து வந்ததை அள்ளப் போனார். கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அள்ளுறத நான் பாத்துக்கறேன்யா. என் வூட்டுது, என்னுது. நீ எதுக்கு அள்ளணும்?” இன்னொரு ஜோடி கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு தகரத்தால் அள்ளி, பின்பக்கம் தோண்டிய குழியில் கொட்டி மூடினார். நான் கொல்லைக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அதற்குமேல் நான் செய்தேன் என்று சொன்னால் பொய்.

மதியம் இரண்டு மணிக்கு வழி விட்டது. உள்ளே ஃப்ளஷ்ஷை அமுக்கினால் வாசல் சேம்பரில் தண்ணீர் துள்ளிக்கொண்டு போனது. கண்டக்டர் உள்ளே ஓடிப்போய் அமுக்குவார், வெளியே ஓடி வந்து பார்ப்பார். நாலு தடவை செய்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கண்ணையன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “அண்ணே, தண்ணி எவ்ளோ ஊத்துவீங்க?”

“ஒரு ஆளு. எதுக்கு மோட்டாரப் போட்டுக்கிட்டு? மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் போடுவேன். ஒரு குவள, ரெண்டு குவள ஊத்துவேன்.”

“அதான். பத்து பேருக்குப் போட்ட பைப்புண்ணே இது. வாட்டம் வேற கம்மி. ஒரு ஆளு ஊத்துற தண்ணிக்கு உள்ள எதுவும் நகராது. போக வேண்டியது நடு வழியிலயே நின்னுடும். கூட்டம் பொழங்குனா இது அடைக்கவே அடைக்காது. ஆளு இல்லாமத்தான் அடைச்சிருக்கு.”

கண்ணையனுக்கே சொன்னது என்னவோ போலிருந்திருக்க வேண்டும். “ஒண்ணும் பெருசில்ல. தெனம் ஒருவாட்டி பத்து வாளி, ஒரே மூச்சுல ஊத்திடுங்க. உள்ள பத்து பேரு இருக்காங்கன்னு பைப்பு நெனச்சிக்கிட்டா போதும்” என்று சொல்லிவிட்டு, சேம்பருக்குப் புது மூடி போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். டைல்ஸ் பிறகு ஒட்டிக்கொள்ளலாம், நாலு நாளைக்கு அதன் மேல் வண்டி ஏறக் கூடாது என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கண்டக்டர் கேட்டுக்கு வந்துவிட்டார். நான் ஸ்கூலிலிருந்து திரும்பும்போது, “வாங்க சார், வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். எட்டு வருடத்தில் முதல் தடவை அவர் வீட்டுக்குள் போனேன். வெஸ்டர்ன் பாத்ரூமில் ரோஸ் கலர் வாளி, ஸ்டிக்கர் கிழிக்காத மக்கு, கண்ணாடி டம்ளரில் மூன்று புது டூத் பிரஷ். ஒன்று சின்னது. எட்டு வயதுப் பேத்தி ஆர்த்திக்கு எட்டுமா எட்டாதா என்று வாஷ் பேசினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அவர் போன் அப்போதுதான் அடித்தது.

நான் பக்கத்தில் நின்றதால் மகன் பேசியதும் காதில் விழுந்தது. கிளம்பவே லேட் ஆகிவிட்டது, மண்டபத்தில் ஏசி ரூம் கொடுத்திருக்கிறார்கள், பாப்பா சித்தி பிள்ளைகளோடு படுக்க வேண்டும் என்று அழுகிறாள், நேராக அரியலூர் போய்விடுகிறோம்.

“அதுக்கென்னப்பா. சவுகரியம்தான் முக்கியம். நல்லபடியா போங்க” என்றார் கண்டக்டர். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு பாத்ரூம் விளக்கை அணைத்தார். “கல்யாண வூடு சார். அங்க தங்குறதுதான் முறை” என்றார் என்னிடம். முறைதான். யார் மேலும் தப்பில்லை. அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு அவர் பஸ்ஸில் போனார், திரும்பும்போது மகன் காரில் முன் சீட்டில் வந்தார். சிமெண்ட் காயாததால் கார் ரோட்டிலேயே நின்றது. “சார், வாங்க, அறிவு வந்திருக்கான்” என்று என்னைக் கூப்பிட்டார். அறிவழகன் நல்ல பையன், என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலைப் பற்றி விசாரித்தான். சுவாதி கல்யாணப் பலகாரப் பையை ஃப்ரிட்ஜில் வைத்து, எதை எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று மாமனாருக்குச் சொன்னாள். முக்கால் மணி நேரம் இருந்தார்கள்.

“என்னப்பா, டைல்ஸெல்லாம் ஒடஞ்சிருக்கு?” என்று கேட்டான் அறிவழகன்.

“ஒண்ணுமில்லப்பா. ஒரு சின்ன பைப்பு வேல.”

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூன்று நாள் பஸ் ஏறியது, லாரி வந்தது, அவர் குனிந்து அள்ளியது எல்லாம். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அது அபூர்வம்.

கிளம்பும் நேரத்தில் சுவாதி மகளிடம், “ஆர்த்தி, பாத்ரூம் போயிட்டு வந்துடு. ஆத்தூர் தாண்டித்தான் வண்டி நிக்கும்” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் எழுந்து ஓடி உள் அறை விளக்கைப் போட்டார். “வா பாப்பா, தாத்தா உனக்கு ஸ்டூலெல்லாம் வெச்சிருக்கேன்.”

“வேணாம் தாத்தா. மண்டபத்துலயே போயிட்டேன்” என்றாள் ஆர்த்தி.

“நெஜமா வரலியா?” என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். வரவில்லை. மூன்று பேரில் யாருக்குமே வரவில்லை. அவர் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. வாசல் வரைக்கும் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், கார் உள்ளே வராததால் கேட்டை மூடியிருந்தாலும் ஒன்றுமில்லை.

திங்கள் காலை என் கடப்பாரையை எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம். கூப்பிட வாயெடுத்தேன், அவர் குரல் கேட்டது.

“கலியம்மா.” ஒரு வாளி சடாரென்று ஊற்றுகிற சத்தம். மறுபடி வாளி நிறைந்தது. “அத்தை.” அப்புறம், “அறிவு. சுவாதி. பாப்பா.” கொஞ்ச நேரம் பேச்சில்லை, ஆனால் வாளி கவிழ்ந்தது. அது பிறக்காத இன்னொரு பேரப்பிள்ளையின் வாளி என்று எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் “வந்து போறவங்க, வந்து போறவங்க, வந்து போறவங்க” என்று மூன்று வாளி. கடைசி வாளிக்குப் பெயர் சொல்லவில்லை.

கடப்பாரையை எடுக்காமல் வீட்டுக்கு வந்து ஜோதியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கண்டக்டர் வாளியும் கையுமாக வந்து கதவைத் திறந்தார்.

“அண்ணே, எங்க வூட்ல ஜோதி உள்ள போனவ இன்னும் வரல. அவசரம். உங்க பாத்ரூம் போயிக்கட்டுமா?”

ஒரு நொடி என்னையே பார்த்தார். ஜோதி எதிரே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது அவர் கண்ணுக்குப் பட்டதா என்று எனக்குத் தெரியாது. “வாங்க சார், வாங்க வாங்க” என்று எனக்கு முன்னால் ஓடினார். விளக்கைப் போட்டார், சின்ன ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார், புது சோப்பின் கவரைப் பல்லால் கிழித்துக் கையில் கொடுத்தார். “வெஸ்டர்ன் சார், சவுகரியமா இருக்கும். தண்ணி தாராளமா ஊத்துங்க” என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்.

நான் வெளியே வந்தபோது கையில் துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் சரியா இருந்துச்சா சார்?”

“எங்க வூட்டுத விட நல்லா இருக்குண்ணே.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“அப்ப இன்னிக்கு ஒம்போது வாளி போதும்” என்றார்.